48 மணி நேரத்தில் உருவான விளையாட்டுக்கு எப்படிக் கருத்து எழுதுவது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். மார்த்தாண்டம் பக்கத்தில் உள்ள உங்கள் கல்லூரியில் 48 மணி நேர கேம் ஜாம், அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கும் போட்டி, நடந்தது. அதில் பங்கேற்காத இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்குப் பத்து விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதுக்கு 'அருமை', 'கொள்ளாம்' என்று எழுதிவிட்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் மூவர் சேர்ந்து செய்த, மழை வருமுன் ரப்பர் மரங்களின் பட்டையை வெட்டிப் பால் எடுக்கும் பால்வெட்டு விளையாட்டுக்கு மட்டும், அது உங்களுக்குப் பிடித்திருந்த காரணத்தாலேயே, பதினான்கு குறைகளை வரிசையாக எழுதிவிட்டீர்கள். அந்த மூவரில், அதுவரை 'அக்கா, அக்கா' என்று வந்து பேசிக்கொண்டிருந்த தம்பி இப்போது உங்களைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுகிறார். குறையைச் சொல்வதா, விட்டுவிடுவதா, மனம் நோகாமல் சொல்ல வழி உண்டா என்று கேட்கிறீர்கள். உங்கள் பதினான்கு வரிகளையும் படித்தேன். அவற்றில் கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவே கேள்வி மனம் நோவதைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டே நாளில் செய்த ஒன்றைப் பற்றி எதைச் சொன்னால் செய்தவருக்குப் பயன்படும் என்பதே நீங்கள் கேட்க வந்தது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பன்னிரண்டு ஆண்டுகளாக விளையாட்டுகளுக்கு நிரல் எழுதி வருகிறேன். முதலில் பெங்களூருவில், இப்போது நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடி. நானே ஜாம்களில் கலந்துகொண்டு, நேரத்துக்கு முடிக்காமல் தோற்றதும் உண்டு, பக்கத்துக் கல்லூரிகளில் மதிப்பிட உட்கார்ந்ததும் உண்டு. ஆட்டத்தின் இயக்கம், கட்டுப்பாடு, நிரல் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். இசையைப் பற்றி எனக்கு ஒரு சராசரிக் கேட்பவரின் காதுதான் இருக்கிறது.

ஜாம் என்பதன் பின்னணியைச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் கருத்து எழுதும் முறையே அதிலிருந்து வருகிறது. லுடம் டேர் என்ற இணையப் போட்டி 2002இல் தொடங்கியது. அதில் ஒருவர் தனியாக 48 மணி நேரத்தில் செய்வது ஒரு பிரிவு, குழுவாக 72 மணி நேரத்தில் செய்வது மற்றொரு பிரிவு. பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கும் குளோபல் கேம் ஜாம் 2009இல் வந்தது. இந்த வடிவத்தின் உயிர் நேர வரம்பில் இருக்கிறது. நேரம் போதாமல் விடப்பட்டவை எவை என்பது செய்தவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அவற்றை விட்டபோது அவருக்கு வலித்திருக்கும். உங்கள் பதினான்கில் ஐந்து அந்த வகையைச் சேர்ந்தவை: மெனு இல்லை, ஒரே ஒரு லெவல்தான் உள்ளது, மரங்கள் எல்லாம் ஒரே படம், முடிவில் மதிப்பெண் பட்டியல் இல்லை, மொழி மாற்றும் வசதி இல்லை. ஐந்தும் உண்மைதான். ஆனால் அவற்றைப் படிக்கும் அந்தத் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு நண்பர்களோடு உட்கார்ந்து எதை வெட்டுவது என்று சண்டை போட்டதுதான் நினைவுக்கு வரும். புதிதாக ஒரு தகவலும் கிடைக்காது.

இன்னொன்றையும் எழுதுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்: இவர்கள் இதைத் தொடரப் போகிறார்களா, இத்தோடு விட்டுவிடப் போகிறார்களா? செலஸ்ட் என்ற விளையாட்டு 2015இல் நான்கே நாளில் செய்த சிறு ஆட்டமாகப் பிறந்து, 2018 ஜனவரியில் முழு விளையாட்டாக வெளிவந்தது. அது விதிவிலக்கு. நான் பார்த்த ஜாம் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வார இறுதியோடு முடிந்துவிட்டன, அதில் தவறும் இல்லை. தொடரப் போகிறவருக்கு மூன்று மாதத்துக்கான யோசனை தரலாம். விட்டுவிடப் போகிறவருக்கு அடுத்த ஜாமுக்கு எடுத்துச் செல்லக்கூடியது மட்டும் போதும். இதைக் கேட்காமல் எழுதியதுதான் உங்கள் பிழை என்று சொல்ல வேண்டுமானால் சொல்லலாம்.

இனி நீங்கள் கொடுத்திருந்த விளையாட்டுக்கு வருகிறேன். நேற்றிரவு பிரவுசரில் அதை இரண்டு முறை ஆடினேன், முதல் முறை ஆடும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டேன். ஓர் ஆட்டத்தை முதல்முறையாக ஆடும் வாய்ப்பு ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், செய்தவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது; அதனால் முதல் ஐந்து நிமிடத்தில் கை எங்கே தயங்கியது, எதைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதை அப்போதே குறித்துவிடுவது என் வழக்கம். தாளில் இருப்பது இவ்வளவுதான்: 'சத்தம் இல்லை, ஒரு தடவை கிளிக் செய்ததும் வந்தது. ஸ்பேஸ் அழுத்தினால் கத்தி இறங்குகிறது. விட்ட பிறகும் கொஞ்சம் இறங்குகிறது. மரம் கருத்துவிட்டது, ஏன்? இரண்டாவது மரமும் கருத்தது. மூன்றாவது மரத்தில் பட்டையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தது, அதைத் தாண்டக் கூடாது போலிருக்கிறது. சிரட்டையில் பால் சொட்டும் சத்தம் நன்றாக இருக்கிறது. மேகம் வருகிறது. எட்டாவது மரத்தில் மழை.' பின்னூட்டத்துக்குத் தேவையான மூலப்பொருள் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

இதே விஷயத்தை நீங்கள் 'கண்ட்ரோல் சரியில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தவர் எந்த வரி நிரலைத் திறந்து பார்ப்பார்? 'ஸ்பேஸை விட்ட பிறகும் கத்தி சிறிது தூரம் இறங்குகிறது. முதல் இரண்டு மரமும் அதனால்தான் பட்டுப்போயின என்பது மூன்றாவது மரத்தில்தான் புரிந்தது' என்று எழுதினால், அவர் அதைத் தம் கணினியில் அப்படியே செய்து பார்க்கலாம். வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தால், வைத்த நோக்கம் ஆடுபவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதாவது அவருக்குத் தெரியவரும். சத்தம் வராத விஷயமும் அப்படித்தான். குரோம் பிரவுசர் 2018 முதல், ஆடுபவர் பக்கத்தில் எங்காவது கிளிக் செய்யும் வரையோ விசையை அழுத்தும் வரையோ ஒலியை ஓட விடுவதில்லை. தொடக்கத்தில் 'தொடங்கு' என்று ஒரு பொத்தான் வைத்தாலே அது தீர்ந்துவிடும். நீங்கள் 'ஆடியோ பக்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

உங்கள் வரிசையில் பன்னிரண்டாவதாக இருக்கும் குறைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதை நீங்கள் வெறும் அபிப்பிராயமாக எழுதிவிட்டீர்கள்: 'மிகவும் கடினம், மழை வருவதற்குள் மூன்று மரம்கூட முடியவில்லை.' எனக்கு எட்டு மரம் முடிந்ததே என்று முதலில் குழம்பினேன். பிறகு நீங்கள் இணைத்திருந்த திரைப்பதிவை என் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உங்கள் பதிவில் கத்தி நகரும் வேகம் என்னுடையதைப் போலவே இருக்கிறது, ஆனால் மேகம் மட்டும் 25 விநாடியில் தோட்டத்தின் மேல் வந்துவிடுகிறது. என் கணினியில் அதற்கு ஒரு நிமிடம் ஆனது. உங்கள் மடிக்கணினி 144 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை, கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள், என்னுடையது 60. 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4, அறுபது விநாடியை 2.4ஆல் வகுத்தால் சரியாக 25. மேகத்தை ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனை புள்ளி என்று நகர்த்தியிருக்கிறார்கள், ஃபிரேம்களுக்கு இடையே கழிந்த நேரத்தால் பெருக்க மறந்துவிட்டார்கள் என்பது என் ஊகம். கத்தி பிழைத்ததற்குக் காரணம், அது இயற்பியல் கணக்கு நடக்கும் பகுதியில் எழுதப்பட்டிருக்கலாம். அவர்கள் பயன்படுத்திய கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் அந்தப் பகுதி, மாற்றாமல் விட்டால், திரை எதுவானாலும் விநாடிக்கு 60 முறை ஓடும். நிரலைப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். உங்கள் திரையை அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றி இன்னொரு முறை ஆடிப் பாருங்கள். மேகம் மெதுவானால் ஊகம் சரி. 'மிகவும் கடினம்' என்ற உங்கள் வரியைப் படித்த அந்தத் தம்பி, தம் விளையாட்டு கடினமானது என்று எண்ணிக்கொண்டு மேகத்தின் வேகத்தைக் குறைத்திருந்தால், சாதாரணத் திரையில் ஆடுபவருக்கு மழையே வராத விளையாட்டாக அது ஆகியிருக்கும்.

இதிலிருந்துதான் நான் எப்போதும் கடைப்பிடிக்கும் ஒரு பிரிப்பைச் சொல்ல வேண்டும். எனக்கு என்ன நேர்ந்தது என்பது உறுதி, அதை யாரும் மறுக்க முடியாது. அது ஏன் நேர்ந்தது என்பது ஊகம். எப்படிச் சரிசெய்யலாம் என்பது ஊகத்தின் மேல் கட்டிய ஊகம். மூன்றையும் ஒரே குரலில் எழுதும்போதுதான் கருத்து தீர்ப்பைப் போல ஒலிக்கிறது. இதை நானே அடிபட்டுக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜாமில், மேடை விட்டு மேடை தாவும் ஓர் ஆட்டத்துக்கு, 'தாவும் உயரம் போதவில்லை, கூட்டுங்கள்' என்று மட்டும் எழுதினேன். அனுபவம் உள்ளவன் சொல்கிறானே என்று அந்தக் குழு அப்படியே கூட்டியது. விளைவு, மூன்றாவது லெவலில் சுவரையே தாண்டிக் குதித்து ஆட்டத்துக்கு வெளியே விழ முடிந்தது. உண்மையில் எனக்கு நேர்ந்தது வேறு: விளிம்பு வரை ஓடிப் போய்த் தாவு விசையை அழுத்தினேன், பாதம் அதற்குள் விளிம்பைக் கடந்திருந்தது, தாவாமலே விழுந்தேன். விளிம்பைத் தாண்டிய பிறகும் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி, அதாவது 60 ஃபிரேம் கணக்கில் ஆறு ஃபிரேம், தாவலை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. கொயோட்டி டைம் என்பார்கள். தேவைப்பட்டது அதுதான். 'விளிம்பில் நான்கு முறை விழுந்தேன், நான்கு முறையும் விசையை அழுத்தியிருந்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர்களே அதைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

அடுத்து, உங்கள் தாத்தா பால்வெட்டுத் தொழிலாளி என்பதால் நீங்கள் எழுதிய நான்கு குறைகள். வெட்டு நேராகக் கீழே இறங்கக் கூடாது, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரிவாகப் போக வேண்டும். உச்சிவெயிலில் யாரும் பால் வெட்டமாட்டார்கள். வெட்டியவுடன் சிரட்டை நிரம்பிவிடாது. மழைக்காலத்தில் மரத்தில் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டியிருக்கும். இவை சரியான தகவல்கள். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், அந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒட்டுமரத்துக்கு ஏறத்தாழ 30 பாகைச் சரிவு என்பது கணக்கு. விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறையும். குலசேகரம் பக்கம் வளர்ந்த எந்தப் பிள்ளையும் உச்சிவெயில் படத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்யும். ஆனாலும், இந்த நான்கில் எவை ஆட்டத்தைத் தொடுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். மறைப்பு, சிரட்டை நிரம்பும் வேகம் ஆகிய இரண்டும் தொடவில்லை, அவற்றை விட்டுவிடலாம். சரிவு தொடுகிறது, ஏனெனில் கத்தியை ஓட்டுவதுதான் இந்த ஆட்டமே. சரிவாக வெட்ட வேண்டி வந்தால் ஒரு விசைக்குப் பதில் இரண்டு விசை தேவைப்படும், கை வேறு விதமாகப் பழகும். வெயிலைப் பற்றி எனக்கே இரண்டு மனம். மேகம் வருமுன் முடிக்க வேண்டும் என்பதற்குப் பதிலாக, விடியலில் தொடங்கி வெயில் ஏற ஏறப் பால் சுருங்கிக்கொண்டே போகிறது என்று வைத்தால் கடிகாரமே வேண்டாம், வானத்தின் நிறமே நேரத்தைச் சொல்லிவிடும். எழுதும்போதே எனக்கு அதைச் செய்து பார்க்க ஆசை வருகிறது. அந்த ஆசைதான் எச்சரிக்கை: அது நான் செய்ய விரும்பும் விளையாட்டு, அவர்கள் செய்தது மழையோடு போட்டியிடும் விளையாட்டு. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் மழைக்குப் பயந்து பால் வெட்டுவதும் உண்மையான அனுபவம்தான். இப்படிப்பட்ட யோசனையை, 'எடுத்துக்கொண்டாலும் சரி, விட்டாலும் சரி' என்ற தொனியில் ஒரே வரியில் கடைசியில் வைப்பேன், குறைகளின் வரிசையில் சேர்க்க மாட்டேன்.

பாராட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறையை நடுவில் வைத்து முன்னும் பின்னும் பாராட்டால் மூட வேண்டும் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். அது பயன்படுகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டாவது முறை படிக்கும்போதே மூடியிருக்கும் துணி தெரிந்துவிடுகிறது. என் கணக்கில் பாராட்டும் ஒரு தகவல். எதைத் தொடக் கூடாது என்பதை அது செய்தவருக்குச் சொல்கிறது. இந்த ஜாமின் தீம், அதாவது எல்லாக் குழுக்களுக்கும் கொடுத்த கருப்பொருள், 'ஒரே ஒரு வாய்ப்பு'. ஆழமாக வெட்டினால் மரம் கருத்துவிடும், பிறகு அந்த மரத்தைத் தொட முடியாது என்ற விதி அந்தத் தீமை ஒரு சொல்கூட எழுதாமல் காட்டிவிடுகிறது. உங்கள் பதினான்கு வரியில் அது இல்லை. நாளை யாராவது 'மரம் கருப்பது எரிச்சலாக இருக்கிறது, எடுத்துவிடு' என்று சொன்னால் அவர்கள் எடுத்துவிடவும் கூடும், உங்களுக்குப் பிடித்தது அதுதான் என்று அவர்களுக்குத் தெரியாதல்லவா? இதே காரணத்தால், மற்ற ஒன்பது பேருக்கு நீங்கள் எழுதிய 'கொள்ளாம்' எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. அவர்களும் இரண்டு இரவு தூங்காமல்தான் செய்திருக்கிறார்கள்.

எத்தனை சொல்லலாம் என்பதற்கு விதி கிடையாது. நான் பொதுவாக மூன்றோடு நிறுத்துவேன்: பிறர் ஆடவே முடியாமல் தடுப்பது முதலில், ஆட்டத்தின் மிக நல்ல பகுதிக்கும் ஆடுபவருக்கும் நடுவில் நிற்பது இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தைப் பொறுத்தது. எழுத்துப்பிழை போன்றவற்றைத் தனியாகச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில், இந்த விளையாட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'இரண்டு முறை ஆடினேன், விண்டோஸ், குரோம், 60 ஹெர்ட்ஸ் திரை. ஒரு மரம் கெட்டால் கெட்டதுதான் என்ற விதி தீமுக்கு மிகப் பொருத்தம். நான்காவது மரத்திலிருந்து என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். சொட்டும் சத்தம் கேட்கும்போது கை தளர்கிறது. முதல் இரண்டு மரமும் ஏன் கருத்தன என்று புரியவில்லை, வெள்ளைக் கோடு மூன்றாவதில்தான் கண்ணில் பட்டது. விசையை விட்ட பிறகும் கத்தி இறங்குவது வேண்டுமென்றே வைத்ததா? வேண்டுமென்றுதான் என்றால், கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று ஒரு மரம் தொடக்கத்தில் இருந்தால் பழகிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. கிளிக் செய்யும் வரை ஒலி வரவில்லை. 144 ஹெர்ட்ஸ் திரையில் மேகம் 25 விநாடியில் வந்துவிடுகிறது, 60இல் ஒரு நிமிடம் ஆகிறது. மேகத்தை நகர்த்தும் வரியை ஒருமுறை பாருங்கள்.'

இதில் பத்து வாக்கியங்கள் இருக்கின்றன, எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆனது. உங்கள் பதினான்கு வரிக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

அந்தத் தம்பியின் முகத்திருப்பலைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. அவரை எனக்குத் தெரியாது, நீங்கள் எழுதியதுதான் காரணமா என்பதும் உங்கள் ஊகமே. ஜாம் முடிந்த வாரத்தில் தூக்கமில்லாமல், உள்தேர்வும் சேர்ந்து, யாரோடும் பேசாமல் திரிந்த நாட்கள் எனக்கும் உண்டு. பழைய கருத்தை அழிக்க வேண்டாம், அழித்தால் மறைப்பதைப் போலாகும். அதன் கீழே, 'அவசரத்தில் எழுதிவிட்டேன், மறுபடி ஆடினேன்' என்று தொடங்கிப் புதிதாக எழுதுங்கள். முதலில் மேகத்தின் விஷயத்தைச் சொல்லுங்கள், அதுவும் இன்றைக்கே. வாக்களிப்பு ஞாயிறு வரை இருக்கிறது என்கிறீர்கள். முடிவு நேரத்துக்குப் பிறகு புதிய அம்சம் எதையும் சேர்க்கக் கூடாது என்றாலும், ஆட்டத்தை ஓடவிடாமல் கெடுக்கும் பிழையை மட்டும் திருத்திக்கொள்ளப் பல ஜாம்களில் அனுமதி உண்டு. உங்கள் ஜாமின் விதி என்ன என்று நடத்துபவரிடம் நீங்களே கேட்டு, அனுமதி உண்டென்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வேகத் திரை வைத்திருக்கும் வேறு யாரும் இன்னும் வாக்களிக்காமல் இருந்தால், அவர்களாவது ஒரு நிமிட மேகத்தோடு ஆடட்டும்.